மலையிறங்கிய யுத்த லாரி

கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்திலே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில், கிழட்டு லாரி ஒன்று நின்று கொண்டிருந்தது. நாற்பது வருஷமாக அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அதற்கு விலை பேசியிருப்பதாகவும், திங்கட்கிழமையன்று காஸ் கட்டரால் துண்டு போட்டு எடுத்துச் செல்லப் போவதாகவும் நமக்குத் தகவல் எட்டியது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் விடியுமுன்பே நாம் நால்வர், இழுப்பதற்கு ஒரு லாரி, இரண்டு ஜாக்கி, ஒரு பெட்டி நிறைய ஸ்பானர்கள் சகிதம் கோயமுத்தூரிலிருந்து மலையேறிவிட்டோம்.

"ஓர் ஓட்டை லாரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். ஆகையால் அந்த லாரியின் ஜாதகத்தை முதலில் சொல்லிவிடுவது நலம்.

இரண்டாவது உலக யுத்தத்தின் போது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சேனைகளுக்காகக் கானடா தேசத்தில் போர்டு, ஷெவர்லே ஆகிய இரண்டு கம்பெனிகளும் ஒரே அமைப்பில் ராணுவ லாரிகளைச் செய்து குவித்தன. அவற்றின் தொகை நாலு லட்சத்துக்கு மேல். நம்முடைய வண்டி ஷெவர்லே வகையைச் சேர்ந்தது. மூன்று டன் பாரம் தாங்குவது. ஆறு ஸிலிண்டர், 85 குதிரைச் சக்தி. நாலு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுப்பு உண்டு. அதன் முகமே ஒரு தினுசு. மூக்கு சப்பை. முகப்புக் கண்ணாடியோ மேற்புறம் முன்னே துருத்தி, அடிப்புறம் உள்ளே வாங்கியிருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னினால் ஆகாயத்திலுள்ள எதிரி விமானம் கண்டுகொள்ளுமல்லவா? அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

அந்த யுத்தம் நம்மைக் கேட்டுக்கொண்டு வந்ததல்ல. 1939 செப்டம்பரில் ஜனப் பிரதிநிதிகள் எவரையும் கலக்காமலே வைசிராய் இந்தியாவை அதில் மாட்டிவிட்டார். காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்து வெளியேறின. ஆயினும் வறுமையும் வேலையின்மையும் யாரைத்தான் விட்டன? யுத்தம் முடிவதற்குள் ராணுவத்தில் சேர்ந்திருந்த இந்தியரின் தொகை 25 லட்சத்தை எட்டியது. அவர்களில் ஒருவர்தான் இந்த லாரியின் சொந்தக்காரர்.

1943-ல் டிரைவராகப் பட்டாளத்தில் சேர்ந்த அவர், திமாப்பூரிலிருந்து இம்பாலுக்குச் செல்லும் மலைப் பாதையில் இதே மாதிரி லாரியை ஓட்டினார். 1944 மார்ச்சு மாதக் கடைசியில் ஜப்பானியர் அந்தப் பாதையைத் துண்டித்தார்கள்; ஜூன் 22-ந் தேதிதான் அது மறுபடியும் திறந்தது. எதிர்ப்புறத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலேயாவிலிருந்த நம் தமிழ் மக்கள் பலர் அதில் சேர்ந்திருந்தனர். இரு புறமும் நம்மவர்கள்! யுத்தத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே கிடையாதாம். "மேலே அரிசி கொண்டு போனேன், கீழே காயம்பட்டவர்களைக் கொண்டு வந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம்.

யுத்தம் முடிந்தபின் ராணுவத்துக்கு வேண்டாத லாரிகளை ஸர்க்கார் ஏலத்தில் விற்றது. 'டிஸ்போஸல் லாரி' என்று அக்காலத்தில் பேர். ஊர் திரும்பிய டிரைவர் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஒன்றை எடுத்தார். பீரங்கிக் குண்டு சுமக்கச் செய்த வண்டி, சுதந்திர இந்தியாவில் உருளைக்கிழங்கும் தேயிலையும் சுமந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. தொண்ணூறு வயதை எட்டும் அவர் மனைவிதான் நம்மை வரவேற்றார். மகனுக்கு வியாபாரி சொன்ன விலையின் மீதே கண். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மழைக்கு ஒழுகும் கூரையை நாமும் பார்த்தோம். அதே தொகையை நாமும் தருவதாகச் சொன்னோம். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பணம் அவன் கிட்டப் பேசிக்குங்க, தம்பி. கிரேனில் தொங்கவிட்டுக் கொண்டு போகக் கூடாது. அவர் வண்டி அதன் சக்கரத்தில்தான் ஊரை விட்டுப் போகணும்" என்றார்.

சொல்வது சுலபம்! வண்டியின் எடையே மூன்று டன்னுக்கு மேல். சக்கரங்கள் மண்ணில் ஒரு சாண் புதைந்திருந்தன. ஜாக்கியின் அடியில் பலகை போட்டு, ஒவ்வொரு மூலையாகத் தூக்கினோம். டயர்கள் மக்கிவிட்டபடியால், அதே 20 அங்குல அளவில் பழைய டயர்களைத் தேடி எடுத்துப் போயிருந்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சக்கரம் இரண்டு தகடுகளை நட்டுகளால் சேர்த்துச் செய்தது. சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டுகள் வேறு. தகடுகளைச் சேர்க்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது பின்னதைக் கழற்றினால் தகடு குண்டு போல வெடித்துக் கிளம்பி ஆளைக் கொன்றுவிடும். நம்முடன் வந்த மெக்கானிக் காற்று முழுவதையும் இறக்கிய பிறகே ஸ்பானரைத் தொட்டார்.

அடுத்தது பிரேக். துருவேறி இறுகிக் கிடந்த ஸிலிண்டர்களைக் கழற்றிக் கழுவி, புது ரப்பர்களைப் போட்டோம். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணைப் பலம் கிடைக்கும்; ஓடாத வண்டியில் முழுப் பலமும் காலிலிருந்தே வரவேண்டும். பின்பு, சக்கரத்தையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தண்டுகளைக் கழற்றி வைத்தோம். இல்லாவிட்டால் இழுக்கும்போது பெட்டிக்குள் சில பற்சக்கரங்கள் மட்டும் எண்ணெயின்றிச் சுழன்று தேய்ந்து போகும். வடக்கயிறு மலை இறக்கத்துக்கு உதவாது. பின் வண்டி முன் வண்டியின் மேல் ஏறிவிடும். ஆகையால் கவட்டைக் கம்பு போன்ற இரும்புச் சட்டத்தால் இரண்டையும் பிணைத்தோம்.

ஞாயிறு காலையில் புறப்பட்டோம். பாட்டி லாரியின் சப்பை மூக்கில் விபூதி பூசி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் நசுங்கியது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு வண்டி நகர்ந்தது!

மேட்டுப்பாளையம் வரை சுமார் 33 கிலோமீட்டர் மலைப் பாதை. முன் லாரி இரண்டாவது கியரில் ஊர்ந்தது. பழைய லாரியின் சக்கரத்தை மெக்கானிக் பிடித்திருந்தார், நாம் பக்கத்தில். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பின்னாலிருந்து கருகல் வாடை வந்தது. இடது பின் பிரேக் பிடித்துக்கொண்டு புகைந்தது. ஹாரனை அமுக்கினோம், அந்த ஹாரன் எப்போதோ செத்துவிட்டது! கையை வெளியே நீட்டிக் கத்தினோம். கிளீனர் பையன் குதித்து ஓடிவந்து சக்கரத்தின் முன் முட்டுக்கட்டையைச் செருகினான். இரண்டடிக்கு அப்பால் பள்ளத்தாக்கு. பிரேக் ஆறும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். இதே மாதிரிப் பாதையில், விளக்கில்லாமல், மழைச் சேற்றில், குண்டு மாரியின் நடுவே வண்டி ஓட்டிய ஒரு வாலிபனைப் பற்றி நினைத்தோம். நம்மில் யாரும் பேசவில்லை.

காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று சமவெளியில் வந்தபோது ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தி சாயும் நேரத்தில் வண்டி நம் பட்டறைக்குள் நுழைந்தது.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஸிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி வைத்து, தினந்தோறும் கைப்பிடியைப் போட்டுத் திருகிப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் ஒரு சுற்றுச் சுற்றியது. உடனே பாட்டிக்கு டெலிபோன் செய்து சந்தோஷச் செய்தியைத் தெரிவித்தோம்.

"சுற்றினால் போதுமா, தம்பி? சத்தம் கேட்கட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றார் பாட்டி.

வேலை நடந்து கொண்டிருக்கிறது.