டாட்டுக்குப் பின்னாடி யார் நிலம்? பிளாக்குக்கு டொமைன் வாங்குறதுக்கு முன்னாடி

"சொந்தமா பிளாக் ஆரம்பிக்கப் போறேன், டொமைன் என்ன பேர்ல வாங்கலாம்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. அதனால இன்னைக்கு எபிசோட் இதுக்குத்தான்.

எல்லாரும் தலையைப் பிச்சுக்குறது டாட்டுக்கு முன்னாடி வர்ற பேருக்கு. அதுக்கு என்கிட்ட ஒரே ஒரு டெஸ்ட்தான் இருக்கு. போன்ல சொல்லிப் பாருங்க. எதிர்ல இருக்குறவங்க ஸ்பெல்லிங் கேக்காம டைப் பண்ணிட்டா பாஸ்.

"மழைத்துளி"ன்னு வைக்கணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு. ஆனா இங்கிலீஷ் எழுத்துல ழ-வுக்கு இசட் எச் போடுறவங்களும் உண்டு, வெறும் எல் போடுறவங்களும் உண்டு. எல் போட்டா மழை, மலையாயிடும். "து"வுக்கு டி மட்டுமா, கூட எச் உண்டா? இதுலயே நாலு ஸ்பெல்லிங் ஆச்சு. என் சித்திகிட்ட போன்ல சொன்னேன். அவங்க டைப் பண்ணது அந்த நாலுலயும் இல்ல! கடைசியில இனிஷியலோட என் பேரையே வாங்கிட்டேன். போர்தான். ஆனா இன்னைக்கு கோடிங் பத்தி எழுதுறவன் நாளைக்கு பிரியாணி பத்தி எழுதினாலும் பேர் பொருந்தும்.

தமிழ் எழுத்துலயே வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கலாம், டாட் இந்தியான்னு தமிழ்லயே இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள அது எக்ஸ், என், ரெண்டு ஹைஃபன்னு தொடங்குற ஒரு ஆங்கிலச் சரமா மாறித்தான் வேலை செய்யும். லிங்க்கை காப்பி பண்ணி ஒட்டினா பல இடத்துல அந்தச் சரம்தான் தெரியும், பார்க்க ஸ்பேம் மாதிரி இருக்கும். ரெண்டாவது டொமைனா வச்சுக்கலாம், முதலாவதா வேண்டாம்னு சொல்வேன்.

இப்போ நிஜமான விஷயத்துக்கு வருவோம். டாட்டுக்குப் பின்னாடி என்ன?

ரெண்டு எழுத்து வந்தா அது ஒரு நாட்டோட அல்லது பிரதேசத்தோட குறியீடு. டாட் ஏஐ-ன்னா செயற்கை நுண்ணறிவு இல்ல, கரீபியன்ல இருக்குற அங்குவிலாங்குற தீவு. டாட் டிவி துவாலு. நாம வாங்குறது சொந்த வீடு இல்லைங்க, வாடகை வீடு. நிலத்துக்காரர் யாருன்னு பார்க்கணும்ல?

2024 பிப்ரவரியில டாட் ஏஎஃப் முகவரியில இருந்த "குயர்" அப்படிங்குற மாஸ்டடான் சர்வரோட டொமைனை முடக்கிட்டாங்க. ஏஎஃப் ஆப்கானிஸ்தானோடது. முடிவு தாலிபான் அரசு கையில. அதுக்கு முந்தைய வருஷம் கபான் நாடு, வெளியாள் நடத்திட்டு இருந்த டாட் ஜிஏ-வைத் திரும்ப எடுத்துக்குச்சு. இலவசமா குடுத்திருந்த லட்சக்கணக்கான பேர்கள் காலி. நாடே இல்லாம போனா? யூகோஸ்லாவியா உடைஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சு, 2010-ல டாட் ஒய்யூ-வை மூடினாங்க.

டெவலப்பர்களுக்குப் பிடிச்ச டாட் ஐஓ-வும் அப்படித்தான். இந்தியப் பெருங்கடல்ல பிரிட்டன் வச்சிருக்குற சாகோஸ் தீவுகளோட குறியீடு அது. அந்தத் தீவுகளை மொரிஷியஸுக்குக் குடுக்குற ஒப்பந்தம் 2025 மே மாசம் கையெழுத்தாச்சு. அதுக்காக நாளைக்கே மூடிடுவாங்கன்னு பயப்பட வேண்டாம், குறியீடு போனாலும் வருஷக்கணக்குல அவகாசம் தருவாங்க. ஆனா முப்பது வருஷம் எழுதப்போற பிளாக்கை அங்க நான் வைக்க மாட்டேன்.

டாட் காம் மட்டும் ஆகாயத்துலயா தொங்குது? அதை நடத்துற வெரிசைன் அமெரிக்க கம்பெனி, அந்த ஊர் சட்டம்தான். டாட் இன் நம்ம நிக்சி கையில. இந்தியாவுல இருக்குறவங்களுக்கு என் சிபாரிசு இந்த ரெண்டுல ஒண்ணு. பிரச்சினைன்னா எந்தச் சட்டம், யார்கிட்ட போகணும்னாவது தெரியும்.

விலை விஷயம் சுருக்கமா: முதல் வருஷ ஆஃபரைப் பார்க்காதீங்க, ரினியூவல் விலையைப் பாருங்க. ஒரே தடவையில பத்து வருஷம் வரைக்கும் கட்டலாம், ஆட்டோ ரினியூவலும் போட்டு வைங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அந்த டொமைன்லயே மெயில் ஐடி வச்சிருப்பீங்க. பேங்க், இன்ஸ்டா எல்லாம் அதுல இருக்கும். டொமைன் காலாவதியாகி வேற யாராவது வாங்கினா, மெயில் சர்வரை அவங்க பக்கம் திருப்பிக்கலாம். அப்புறம் "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்"னு ஒரு க்ளிக், ரீசெட் லிங்க் அவங்க இன்பாக்ஸுக்குப் போயிடும்.

அதனால ரெஜிஸ்ட்ரார் அக்கவுன்ட்டை நண்பர் பேர்ல, ஆபீஸ் பேர்ல போடாம உங்க பேர்லயே போடுங்க. அந்த அக்கவுன்ட்டுக்கு அதே டொமைன் மெயிலைக் குடுக்காதீங்க. டொமைன் நின்னுபோனா, "ரினியூ பண்ணுங்க"ன்னு வர்ற மெயிலும் உங்களுக்கு வராது.