காந்துவதெல்லாம் கால் வலிக்கு மருந்தல்ல

“தலைவரே, நல்லா காந்துற தைலமா ஒண்ணு சொல்லுங்க. கிளினிக்குல குடுத்தது காந்தவே மாட்டேங்குது. சும்மா தண்ணி மாதிரி ஜில்லுன்னு கெடக்கு. ரெண்டு நாள் போட்டுட்டுத் தூக்கிப் போட்டுட்டேன்!”

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் முடிந்து, காப்பியும் ரொட்டியும் வந்த நேரத்தில் ஓர் அண்ணன் நம்மிடம் இப்படிச் சொன்னார். முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்து, பூட்சுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. விடியற்காலையில் வீட்டுப் படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறார். அவர் தூக்கிப் போட்ட டியூப்பைப் பேரப்பிள்ளையை விட்டு எடுத்து வரச் சொல்லிப் பார்த்தோம். அவருடைய காலுக்கு அதுதான் ஏற்ற மருந்து!

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்காள் எதுவும் பேசாமல் கைலியைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைக் காட்டினார். பாதம் முழுக்க வெள்ளைக் கட்டு. அவருக்கு நேர்மாறான கதை. காந்தும் தைலத்தைக் கணுக்காலிலிருந்து விரல் வரை அழுத்தித் தேய்த்து, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சுடுதண்ணீர் போத்தலை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். காலையில் பார்த்தால் கொப்புளம். பதினைந்து வருடமாக இனிப்பு நீர் உள்ளவர். கால் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

ஒருவர் காந்தவில்லை என்று நல்ல மருந்தை விட்டார். இன்னொருவர் காந்தட்டும் என்று காலைச் சுட்டுக்கொண்டார். அதனால்தான் இந்த வாரம் சம்பளக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுக் காலைப் பற்றி எழுதுகிறோம். நாம் டாக்டர் அல்லர். டாக்டரையும் பட்டணத்து மருந்துக்கடைப் படிப்பாளியையும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

நம் வீடுகளில் புலி மார்க் தைலமும் கோடாலி மார்க் தைலமும் இல்லாத சாமி அலமாரி உண்டா? புலி மார்க் தைலம் ரங்கூனில் பிறந்து 1926-இல் சிங்கப்பூருக்கு வந்தது. கோடாலித் தைலம் 1928-இல் சிங்கப்பூரிலேயே தொடங்கியது. நம் தாத்தாமார் பால்மரம் சீவிய காலத்திலிருந்தே தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் கால்வலிக்கும் அதே சீசாதான். நாமும் அந்த வாசத்தில் வளர்ந்தவர்கள். குறை சொல்ல மனம் வராது.

ஆனால் அந்தத் தைலம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். கற்பூரமும் புதினா உப்பும் தோலில் பட்டதும் குளிர்ச்சியோ சூடோ கிளப்புகின்றன. மூளை அந்தப் புது உணர்ச்சியைக் கவனிக்கிறது; உள்ளே இருக்கும் வலி கொஞ்ச நேரம் பின்னால் போகிறது. அவ்வளவுதான். மூட்டுக்குள் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. நாள் முழுக்க மலைச்சரிவில் குலை சுமந்து வந்த சதை வலிக்கு, ராத்திரி தூக்கம் வர, அது போதும். தேய்ந்துபோன மூட்டுக்கு அதுவே வைத்தியம் என்று இருந்துவிடக் கூடாது. அதிகம் காந்தினால் அதிகம் வேலை செய்கிறது என்று நினைப்பது, அதிகம் சத்தம் போடும் மண்டோர்தான் நல்ல மண்டோர் என்பது போன்ற கணக்கு.

அந்த அண்ணனின் டியூப்பில் இருந்தது டைக்ளோஃபெனாக். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரையாகக் கொடுப்பார்களே, அதே சரக்கு. இங்கே தடவுவதற்கு ஜெல்லாக வருகிறது. தோல் வழியாக இறங்கி மூட்டு வீக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறது. பாதத்து மூட்டுகள் தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பவை. இடுப்பு மூட்டுபோல் ஆழத்தில் புதைந்தவை அல்ல. தடவினால் ரத்தத்தில் ஏறுவது, மாத்திரை விழுங்கினால் ஏறுவதில் நூற்றில் ஆறு பங்கு அளவுதான். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் மாத்திரையில் வரும் அளவுக்கு இதில் வருவதில்லை. ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் உள்ள நம் பெரியவர்கள், கடையில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய்போல் விழுங்குவதை நாம் தோட்டம் தோட்டமாகப் பார்க்கிறோம். வயது கூடியவர்கள் முதலில் தடவும் மருந்தைக் கேளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இது மந்திரம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வில், இதை ஆறு வாரத்துக்கு மேல் தடவியவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர் வலி பாதியாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களிலும் பத்துக்கு ஐந்து பேர் அப்படியே சொன்னார்கள்! அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் முழங்காலில் நடந்தவை. ஆகவே சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கேட்காதவர் வீணாக டியூப் டியூப்பாக வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தடவிப் பார்த்துப் பலன் இல்லையென்றால் டாக்டரிடம் திரும்பிப் போங்கள்.

‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் ஒரு துளியைத் தொட்டுத் தேய்த்துவிட்டு, “கேக்கல தலைவரே” என்கிறார்கள். ஒரு பாதத்துக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். 50 கிராம் டியூப் 12 தடவையிலிருந்து 25 தடவை வரைதான் வரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. வலிக்கிற அன்று மட்டும் தடவினால் போதாது. தடவி முடித்ததும் பூட்சைப் போடாதீர்கள். பத்து நிமிடம் காற்றில் விடுங்கள். விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்ததும் கால் கழுவித் துடைத்து முதலில் தடவிவிட்டு, அப்புறம் காப்பி குடித்து, மற்ற வேலையெல்லாம் முடித்துக் கடைசியில் பூட்ஸ் மாட்டினால் சரியாக இருக்கும். மருந்தடிக்கும் வேலைக்குப் போய் வந்தவர்கள் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தடவ வேண்டாம். ஈரப் பூட்சால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தால் அந்த இடத்தில் எந்த வலித் தைலமும் படக் கூடாது. மேலே பிளாஸ்டிக் சுற்றுவது, சுடுதண்ணீர் போத்தல் வைப்பது, இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து பூசுவது எதுவும் வேண்டாம். காந்தும் தைலங்களால் தோல் வெந்தவர்கள் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2012-இல் எச்சரித்திருக்கிறது. நம் அக்காள் தனி ஆள் அல்ல.

இதே வகையில் கீட்டோபுரோஃபென் என்று ஒரு ஜெல் இருக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் வெயில் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளித்துவிடும். தடவும் நாளெல்லாம், நிறுத்திய பிறகு இரண்டு வாரம் வரையிலும் அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைக்க வேண்டும். பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவருக்குப் பரவாயில்லை. சிலிப்பர் போட்டுக்கொண்டு கோழிக்கும் மாட்டுக்கும் வெயிலில் அலைகிற அம்மாவுக்கு அது வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்கில் எல்.எம்.எஸ். என்று கொடுப்பார்களே, அந்த வாசனைக் களிம்பு வேறு இனம். வேலை செய்த களைப்பு வலிக்குத் தடவலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், ரத்தப்போக்கு உண்டாகக்கூடும். ஆஸ்பிரின் சாப்பிட்டால் இளைப்பு வருகிறவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும், இதற்கு மட்டுமல்ல, முன்னே சொன்ன ஜெல்களுக்கும் கேட்டுவிட்டே தடவ வேண்டும். கற்பூரத் தைலச் சீசாவைக் கைக்குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை கொஞ்சம் குடித்தாலும் வலிப்பு வரும்.

மிளகாயின் காரச் சத்தில் செய்த களிம்பும் உண்டு. இது நிஜமாகவே காந்தும்! ஆனால் இதுவும் தடவிய அன்றே கேட்பதில்லை. தினமும் மூன்று நான்கு முறை, இரண்டு வாரமாவது தடவினால்தான் பலன் தெரியும். தடவிய கையோடு கண்ணைக் கசக்கினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

பசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து, ஒரு பாட்டியின் காலில் எண்ணெயைத் தேய்த்து நடக்க வைத்துக் காட்டுவார்களே, அந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும் அதன் பின்னால் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று, படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பாருங்கள். இல்லாததை வாங்காதீர்கள். எண்ணெயைவிட, அதோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையும் தூளும்தான் பயங்கரம். மூட்டுவலிக்கு என்று விற்ற சில ‘மூலிகை’ மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்துவிடும். பிறகு முகம் ஊதும், இனிப்பு நீர் ஏறும், எலும்பு கரையும். பல நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டியே நிறுத்த வேண்டும்.

இப்போது அந்த அக்காளின் காலுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்! நீண்ட நாள் இனிப்பு நீர் பாதத்து நரம்பைக் கெடுக்கிறது. எரிச்சலும் குத்தலும் வரும். அதை மூட்டுவலி என்று எண்ணித் தைலம் தேய்ப்போம். பிறகு உணர்ச்சியே போய்விடும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெரியவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இரண்டு காலிலும், ஒரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டு இடமாவது தெரியவில்லையென்றால், காந்தும் தைலம், காரக் களிம்பு, சுடுதண்ணீர் மூன்றையும் அந்தக் காலிடம் கொண்டு போகாதீர்கள். கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று, ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் கட்டைவிரல் மூட்டு சிவந்து, அனலாய்க் கொதித்து, போர்வை பட்டாலே கத்துகிறார் என்றால் அது தேய்மானம் அல்ல. பெரும்பாலும் யூரிக் அமில வாதம். அதன்மேல் தைலத்தை அழுத்தித் தேய்ப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். அதற்குத் தனி மருந்து உண்டு. திரும்பத் திரும்ப வந்தால் தினம் சாப்பிடும் மாத்திரையும் உண்டு. மூட்டு வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

“கிளினிக்குக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போச்சே!” என்பீர்கள். போகாது. நிர்வாகம் வைத்துள்ள டாக்டரிடம் நிர்வாகச் செலவில் காட்டலாம். அவர் உடனே கிடைக்காவிட்டால் அரசாங்க டாக்டரிடம் காட்டி எம்.சி. வாங்கலாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். கொடுக்கவில்லை என்று எந்தக் கிராணியாவது சொன்னால் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கணுக்கால் மூட்டுவாதம் பெரும்பாலும் பழைய அடியிலிருந்து வருவது என்பதால், குலை விழுந்தோ சறுக்கியோ கால் மடங்கிய அன்றே நிர்வாகத்திடம் பதிந்துவிட வேண்டும். நிர்வாகம் அதை 48 மணி நேரத்தில் பெர்க்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். “சின்ன அடிதானே அண்ணே” என்று விட்டவர்கள் பத்து வருடம் கழித்து நம்மிடம் வரும்போது கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

முதலில் பேசிய அண்ணனின் பூட்சையும் வாங்கிப் பார்த்தோம். அடி தேய்ந்து, துணிபோல் மடங்குகிறது. கட்டைவிரல் மூட்டு தேய்ந்தவருக்கு அடி மடங்காத, முன்பக்கம் அகலமான பூட்ஸ் வேண்டும். ஒவ்வொரு அடியிலும் அந்த மூட்டு மடங்கிக்கொண்டே இருந்தால் எந்த ஜெல் என்ன செய்யும்? பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. புது பூட்ஸ் கேட்டு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினோம். தூக்கிப் போட்ட டியூப்பையும் மறுபடி கையில் கொடுத்தோம். “காந்தாதுல்ல?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்காளுக்குக் கொப்புளம் உடைந்த இடம் இன்னும் மூடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டு மாற்றி வருகிறான்.