அபாய காலத்தில் கம்பியில்லாச் சாதனம்: எண்ணூர் காட்டும் பாடம்

நெல்லுக்கும் கரும்புக்கும் நாம் இடும் கூட்டு உரங்களின் தழைச்சத்தில் ஒரு பகுதி, எண்ணூரில் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியாகக் கரையேறிய அம்மோனியாவிலிருந்து கிடைத்துவந்ததாகும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் அக்குழாயில் கசிவு நேர்ந்தது. பெரியகுப்பம் முதலிய கடற்கரைக் கிராமங்களின் ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் கொண்டு, தூக்கத்தினின்றும் எழுந்து வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை வாயுவின் நெடியே.

இத்தகைய வேளையில் பொதுக் கைபேசியை நம்புவதற்கில்லை. யாவரும் ஒரே சமயத்தில் உறவினரை அழைப்பதால் வழி அடைபடுகிறது. மின்சாரம் நின்றபின் கோபுரத்துப் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12-ந் தேதி கரைகடந்த வார்தா புயலிலும் சென்னை இதனைக் கண்டது. வெள்ளத்தின்போது ஹாம் ரேடியோ அன்பர்கள் தம் சொந்தக் கருவிகளால் செய்தி அனுப்பி உதவினார்கள்.

போலீஸாரும் தீயணைப்புப் படையினரும் கையாளும் கம்பியில்லாச் சாதனமோ, பொதுஜனங்கள் நுழையாத தனி அலைவரிசையில் இயங்குவது. பொத்தானை அழுத்திப் பேசினால் ஒருவர் மட்டுமன்றி அக்குழுவினர் அனைவரும் ஒருங்கே கேட்பர். உயரமான இடத்தில் நிறுத்திய கருவியொன்று, கையடக்கக் கருவியின் மெல்லிய குரலை வாங்கி வலிமையுடன் திருப்பி அனுப்பும். ஒருவர் பேசுங்கால் மற்றையோர் வாளாவிருத்தல் இதன் ஒழுங்கு. நம் கிராமக் கூட்டங்களுக்கும் இவ்வொழுங்கு வந்தால் நன்று. கடலில் 16-வது சானல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ் அலை, அபாயக் குரலுக்கும் முதல் அழைப்புக்கும் உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது.

இம்முறையிலும் ஒரு பெருங்குறை உண்டு. ஒரு படையின் பேச்சு மற்றொரு படைக்குக் கேளாது. 2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில், கோபுரம் சாயக்கூடுமென்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை உள்ளேயிருந்த தீயணைப்பு வீரர்களை எட்டவில்லை. அமெரிக்க தேசம் எல்லாப் படையினருக்கும் பொதுவான தனி வலையமைப்புக்குச் சட்டம் இயற்றியது 2012-இல்தான்.

அதிகாரிகள் தம்முள் பேசிக்கொள்வதோடு காரியம் முடிவதில்லை. கடைசிக் காதம் கிராமத்தாருடையது. 1944-இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர், கொசஸ்தலையாற்றின் வழியே பொன்னேரிப் பக்கத்து வயல்களைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்கிறது. மதகு திறந்த செய்தி ஆற்று நீருக்கு முன்னே ஊர் வந்து சேர்ந்தால், மாட்டை அவிழ்க்கவும் களத்து நெல்லை மேடேற்றவும் அவகாசம் கிடைக்கும்.

ஆதலால் கிராம நிர்வாக அதிகாரிகள் பருவமழைக்கு முன்பே, இரவில் செய்தி வந்தால் யார் யாரை எழுப்புவது என்று தெருவாரியாகக் குறித்து வைத்தல் நலம். கரை உடைப்போ வாயுக் கசிவோ கண்டவர் ஜில்லா அறைக்கு 1077, மாகாண அறைக்கு 1070 என்னும் எண்களில் தெரிவிக்கலாம். இடம், கண்ட நேரம், காற்று வீசும் திசை, சிக்கியுள்ளோர் தொகை ஆகியவற்றை முதலிற் சொல்க. அம்மோனியாவாயின், ஈரத் துணியால் மூக்கை மூடி, காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும். அவ்வாயு நீரில் எளிதிற் கரைவது. கோயில் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லாத இரவுக்காகத் தலையாரியிடம் ஒரு தண்டோரா இருத்தல் வேண்டும்.