அறுப்பு மெஷின் தப்பவிடும் நெல் வரிசை

மாசி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து தேரூர், சுசீந்திரம், பூதப்பாண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கும்பப்பூப் பருவத்து நெல் அறுப்பைப் பார்க்கலாம். கதிரரிவாளோடு ஆட்கள் வரிசையாக இறங்கிய வயல்களில் இப்போது செயின் வண்டி எனப்படும் அறுப்பு மெஷின் ஓடுகிறது. நிலம் காய்ந்து, பயிர் நிமிர்ந்து நின்றால் ஓர் ஏக்கரை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அறுத்து, அடித்து, நெல்லைத் தனியே கொட்டிவிடும்.

ஆனால் வண்டி போன தடத்தில் சில சமயம் நாலு விரல் அகலத்துக்கு நெல் வரிவரியாக அறுபடாமல் நிற்கும். வயல்காரர் மெஷின் பழசு என்பார். டிரைவர் பயிர் சரியில்லை என்பார். உண்மையில் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நிற்கும் நெல்லே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வரி எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு அகலம், தொடர்ச்சியாக இருக்கிறதா, விட்டுவிட்டு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

சின்ன வரிதானே என்று விட்டுவிடவும் முடியாது. செயின் வண்டி ஒரு தடவையில் ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்துக்கு அறுக்கும். அதில் 7.5 சென்டிமீட்டர் மட்டும் தப்பினால்கூடக் கிட்டத்தட்ட நூற்றுக்கு நாலு பங்கு. ஏக்கருக்கு 2,400 கிலோ விளைகிற வயலில், தடம் முழுக்க அந்த வரி நின்றால் 90 கிலோ வயலிலேயே தங்கிவிடும். நாஞ்சில் நாட்டுக் கணக்கில் ஒரு கோட்டை நெல் 87 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஒரு கோட்டைக்கு மேல் போய்விடுகிறது.

வண்டியின் முன்பக்கத்தில் தரையை ஒட்டி இருப்பது கட்டர் பார். நீளமான பட்டையில் முக்கோண பிளேடுகளை வரிசையாக ரிவெட் அடித்திருப்பார்கள். அந்தப் பட்டை இடமும் வலமுமாக வேகமாக ஓடும். அதற்கு முன்னால் கூர்மையான இரும்பு விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பயிரின் தாளை விரல் தாங்கிப் பிடிக்க, பிளேடு அதை வெட்டும். அமெரிக்காவில் ஓபெட் ஹஸ்ஸி 1833-லும் சைரஸ் மெக்கார்மிக் 1834-லும் அறுவடைக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்தக் காலத்து ஏற்பாடுதான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றைக்கும் நம்மூர் வயலில் ஓடுகிறது. இரண்டு விரல்களுக்கு இடையே பொதுவாக 76.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம் இருக்கும். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு பிளேடு பொறுப்பு.

அதனால் ஒரு பிளேடு உடைந்தாலோ ரிவெட் விட்டுக் கழன்றாலோ, அதன் பொறுப்பில் இருந்த மூன்று அங்குலம் அப்படியே தப்பிவிடும். வண்டியின் தடத்தில் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் வரி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளேடைத்தான். அது தொடர்ச்சியாகவே தெரியும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. கைநடவில் வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர் விடுவது வழக்கம். உடைந்த இடம் இரண்டு வரிசைக்கு நடுவே போகும்போது எதுவும் தப்பாது; வரிசையோடு ஒட்டிப் போகும்போது தூர்கள் நிற்கும். வண்டி லேசாக வளைந்து வளைந்து போனால் நெல் பத்தடி நின்று, பத்தடி மறைந்து, மறுபடி நிற்கும். தடத்தின் ஓரத்திலிருந்து அளந்து பார்த்தால் எல்லாம் ஒரே கோட்டில்தான் இருக்கும்.

பிளேடு உடைவதற்குக் காரணம் பல சமயம் வயலிலேயே கிடக்கிறது. வரப்பிலிருந்து உருண்ட கல், தென்னை மட்டை, ரோட்டோர வயல்களில் வீசியெறியப்பட்ட பாட்டில். ஒரு கல் பிளேடை மட்டும் உடைத்துவிட்டுப் போவதில்லை. பக்கத்து விரலையும் வளைத்துவிடும். பிளேடை மாற்றிய பிறகும் அதே இடத்தில் வரி நின்றால் விரலைப் பார்க்க வேண்டும்.

வரி சுத்தமாக நிற்காமல், தாள்கள் பாதி அறுந்தும் நார்நாராகக் கிழிந்தும் கிடந்தால் அது வேறு கதை. பிளேடு விரலோடு ஒட்டி ஓடாமல் மேலே எழும்பியிருக்கிறது. ஆணி தளர்ந்த கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் நடுவில் மடித்துக்கொள்ளுமே, அதே கோளாறு. பட்டையை அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகள் தேய்ந்திருக்கும், அல்லது பிளேடின் பல் மழுங்கியிருக்கும். பட்டை ஒரு பக்கம் ஓடி முடியும் இடத்தில் பிளேடின் நடுவும் விரலின் நடுவும் நேராக வர வேண்டும். அந்த நேர் தப்பினாலும் வெட்டு ஒரு பக்கம் குறைந்துபோகும்.

இரும்பில் எந்தக் குறையும் இல்லாமலே நெல் தப்புவதும் உண்டு. அதற்குக் காரணம் வேகம். கட்டர் பாரை ஓட்டும் தண்டு நிமிடத்துக்கு 450 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு வெட்டு. நொடிக்கு 15 வெட்டு. வண்டி மணிக்கு 3.6 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஒரு மீட்டர் நகரும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே வண்டியை 5.4 கிலோமீட்டருக்கு விரட்டினால் அந்த இடைவெளி 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். பிளேடு வந்து சேர்வதற்குள் விரல்கள் தாளை முன்னால் தள்ளிச் சாய்த்துவிடும். அடிக்கட்டை ஒரே மட்டமாக இல்லாமல் அலை அலையாக ஏறி இறங்கினால் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்ததும் சரியானால் ஸ்பேனருக்கு வேலையில்லை. பயிர் அடர்ந்த இடத்தில் மட்டும் தப்பி, மெலிந்த இடத்தில் சுத்தமாக அறுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். பாரம் கூடும்போது அது வழுக்கி, பிளேடின் ஓட்டம் குறைந்துவிடும்.

இன்னொரு பருவமான கன்னிப்பூ அறுப்பில் தலைவலி இன்னும் கூடுதல். ஆவணி, புரட்டாசியில் கதிர் முற்றி நிற்கும்போது மழை வந்தால் பயிர் சாய்ந்துவிடும். கட்டர் பாருக்கு மேலே சுழலும் ரீல்தான் சாய்ந்த கதிரைத் தூக்கி பிளேடுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ரீலைக் கொஞ்சம் தாழ்த்தி, முன்னே தள்ளி வைக்க வேண்டும். அது சுழலும் வேகம் வண்டி நகரும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ரீலே பயிரை முன்னால் தள்ளும். ரொம்பவும் கூடினால் முற்றிய நெல்மணி உதிரும். பயிர் சாய்ந்த திசையிலேயே வண்டி போனால் கட்டர் பார் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எதிர்த்திசையிலோ குறுக்காகவோ ஓட்டினால் கதிர் உள்ளே வரும். எதிர்த்திசையில் மட்டும் ஓட்டினால், திரும்பி வரும்போது வெறும் வண்டியாக வர வேண்டியிருப்பதால் நேரம் கூடும். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் வயல்காரர் இதை முன்கூட்டியே டிரைவரோடு பேசிக்கொள்வது நல்லது.

ஒரு பக்கம் அடிக்கட்டை குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் இருந்தால், ஈரத்தில் ஒரு பக்கச் செயின் புதைந்து வண்டி சரிந்திருக்கிறது என்று பொருள். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்து நிலத்தை ஆறப்போட்டால்தான் இது தீரும். இரண்டு தடங்களுக்கு நடுவில் கோணல்மாணலாக வரி நின்றால் மெஷினில் பழுதே இல்லை. டிரைவர் பழைய தடத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி ஓட்டவில்லை, அவ்வளவுதான். சின்ன வயல்களில், வளைந்த வரப்பும் மூலையும் நிறைந்த இடங்களில் இது அடிக்கடி நடக்கும். மெஷின் இறங்கும் முன்பே மூலைகளைக் கையால் அறுத்துவிட்டால் வண்டி திரும்ப இடம் கிடைக்கும், கதிரும் மிதிபடாது.

விளையாட்டு மைதானங்களிலும் விடுதித் தோட்டங்களிலும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியையும் இப்படியே சோதிக்கலாம். அதில் கட்டர் பார் இல்லை. அடித்தட்டின் கீழ் இரண்டு, மூன்று பிளேடுகள் வட்டமாகச் சுழலும். ஒன்றின் வட்டம் அடுத்ததன் பாதையைக் கொஞ்சம் மிதித்தபடி போகும். நுனி தேய்ந்தால் அந்த ஒட்டு விட்டுப்போய், தடத்தின் நடுவே மெல்லிய புல்வரி நிற்கும். டயர்களில் காற்று ஏறுக்குமாறாக இருந்தால் தட்டு சரிந்து, ஒரு பக்கம் புல் உயரமாக நிற்கும். தட்டின் அடியில் ஈரப்புல் அப்பியிருந்தாலும் வெட்டு கெடும்.

நெல் வயலில் சோதனைக்கு முதல் தடம் போதும். இருபது, முப்பது அடி ஓட்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, வயல்காரரும் டிரைவரும் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். வரி ஒரே கோட்டில் நின்றால் கட்டர் பாரைத் திறக்க வேண்டும். இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, தூக்கிய முன்பகுதிக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் கை வைக்கலாம். பட்டையைக் கையால் நகர்த்தும்போதும் பிளேடு கைவிரலைத் துண்டித்துவிடும். ஐந்தாறு பிளேடுகளும் ரிவெட்டுகளும் டிரைவரின் பெட்டியில் இருந்தால், வரப்பிலேயே வைத்து மாற்றிவிட்டு இரண்டாவது தடத்தை அறுக்கத் தொடங்கலாம்.