மலேரியா என்னும் பெயர்

தோட்டத்து லயன்களில் ஒரு காலத்தில் குளிர்காய்ச்சல் என்றாலே அடிவயிறு கலங்கும். டிரெஸ்ஸர் அதை மலேரியா என்பார். அந்தச் சொல் பிறந்த விதத்தை இன்று பார்ப்போம்.

இது இத்தாலியச் சொல். 'மாலா' என்றால் கெட்ட; 'ஆரியா' என்றால் காற்று. முன்னதற்கு வேர் இலத்தீன். பின்னது கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. உரோமாபுரியைச் சுற்றிலும் சதுப்பு நிலங்கள் இருந்தன. அங்கே இரவில் தங்கியவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அழுகல் வாடைதான் நோய் தருகிறது என்றெண்ணி, சன்னலைச் சாத்திப் படுத்தார்கள். காரணம் தவறு, ஆனாலும் சாத்திய சன்னல் கொஞ்சம் கொசுவையும் தடுத்திருக்கும்!

1880-ல் லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897-ல் ரொனால்ட் ராஸ் செக்கந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டார். காற்றின் மேலிருந்த பழி நீங்கியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நோயைப் பரப்பும் கொசுவுக்கு 'அனோபிலிஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் 'பயனற்றது' என்று பொருள். அதன் குற்றம் தெரியும் முன்பே, 1818-ல் வைத்த பெயர் இது.

மலாய்க்காரர்கள் 'டெமாம் குரா' என்றார்கள். குரா என்பது மண்ணீரல். இந்நோயில் அது வீங்கும். காரணத்தை ஊகிக்காமல் கண்ட குறியைச் சொன்ன இந்தப் பெயரே நமக்கு நேர்மையாகப் படுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் டாக்டர்களும் நோயின் அளவை அறிந்தார்கள்.

1901-ல் டாக்டர் மல்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து, காட்டை வெட்டச் செய்தார். காய்ச்சல் குறைந்தது. ஆனால் குன்றுப் பக்கத் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் ஏறியது! ஏன்? கரையோரக் கொசு நிழலை நாடுவது. குன்றுக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ரப்பர் நடக் காட்டை வெட்டியதே அதற்கு வெயிலைக் கொடுத்தது. சேறில்லை, நாற்றமில்லை. 'கெட்ட காற்று' என்ற பெயரை நம்பியவர் இப்படிப்பட்ட ஓடையைச் சந்தேகிப்பாரா? பிறகுதான் ஓடை நீரைத் தரைக்கடியில் குழாய் வழியே கொண்டுபோனார்கள். மற்ற இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள்.

2018-ல் மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா மலேசியாவுக்குள் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசு கொண்டுவரும் மலேரியா இருக்கிறது. அது உயிரையும் வாங்கும். ஆகவே காட்டோர வேலைக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் அதைச் சொல்லி, அன்றே இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.