முடங்கிய கைக்கு மூளை புதுவழி தேடும்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ பால்மரம் சீவியிருக்கலாம். செம்பனைக் குலை அறுத்திருக்கலாம். அவ்வளவு உழைத்த கை ஒரே காலையில் அசையாமல் போனால்? பக்கவாதம் அப்படித்தான் வருகிறது, மாணவர்களே.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ அப்பகுதி உயிரணுக்கள் மடியத் தொடங்கும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும்.

வார்டில் என்ன நடக்கிறது?

உயிர் பிழைத்த பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. தஞ்சோங் காராங் மருத்துவமனையைப் போன்ற மாவட்ட மருத்துவமனைக்குப் போனால் கவனியுங்கள். பிசியோதெரபி சிகிச்சையாளர் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்குவார். தொழில்வழிச் சிகிச்சையாளர் சட்டைப் பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது போன்ற அன்றாட வேலைகளைக் கற்றுத்தருவார்.

நோயாளிக்கு இது எளிதன்று. பத்து நிமிடப் பயிற்சியிலேயே சோர்ந்துவிடுவார். அது சோம்பல் இல்லை. காயம்பட்ட மூளையின் களைப்பு. பிறர் குளிப்பாட்டும்போது கூச்சம் வரும். சிலருக்கு நாம் சொல்வது புரியும்; பதில் சொல்லத்தான் சொல் வராது.

மூளை எப்படி மீள்கிறது?

இறந்த நரம்பணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆனால், உயிரோடிருக்கும் அணுக்கள் தங்களுக்குள் புதிய இணைப்புகளை உண்டாக்கும். சாலை மூடப்பட்டால் கம்பத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போவதில்லையா, அதுபோல! ஒரே அசைவைப் பலமுறை செய்யச் செய்ய அந்தப் புதுவழி உறுதிப்படும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. முடங்கிய கையால் முயன்று தோற்றவர், நல்ல கையையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவார். மூளையும் அந்தக் கையை மறந்துவிடும். அமெரிக்க அறிவியலாளர் எட்வர்ட் டாப் இதைக் குரங்குகளிடம் கண்டறிந்தார். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 222 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் இரண்டு வாரங்கள், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நல்ல கையில் உறை அணிந்து முடங்கிய கைக்குத் தீவிரப் பயிற்சி பெற்றனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாக முன்னேறினர். ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நீடித்தது. எல்லா நோயாளிக்கும் இம்முறை ஏற்றதன்று. சிகிச்சையாளர்தான் முடிவு செய்வார்.

அன்பே தடையாகலாம்

நம் வீடுகளில் நோயாளியை அசையவிடாமல் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்போம். சோற்றைப் பிசைந்து ஊட்டுவோம். பாசம்தான், ஆனால், அந்தக் கைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியை நாமே பறித்துவிடுகிறோம். தாத்தா பொத்தான் போட ஐந்து நிமிடம் எடுத்தால், ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

நீங்கள் உதவலாம்

• தாதியைக் கேட்காமல் தேநீரோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். விழுங்கும் தசை பலவீனமாக இருந்தால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
• சிகிச்சையாளர் மலாயில் சொல்வது பாட்டிக்குப் புரியாவிட்டால் தமிழில் சொல்லுங்கள். சரியாகப் புரிந்தால்தான் சரியாகச் செய்ய முடியும்.
• சொல் தேடித் தவிப்பவரின் வாக்கியத்தை அவசரப்பட்டு நீங்களே முடித்துவிடாதீர்கள்.
• யாருக்காவது திடீரென வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குளறினால் உடனே 999-ஐ அழையுங்கள். தைலம் தேய்த்துக் காத்திருக்கும் நேரத்தில் மூளை அழிந்துகொண்டிருக்கும்.