ஒளி புரட்டும் காந்தம்

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலை இஸ்டோர்களில், சலித்த தூளைப் பொதி செய்யுமுன் காந்தத்தைக் கடந்து போகவிடுவது வழக்கம். இயந்திரம் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காந்தத்தின்மேல் நாள் முழுக்க டோர்ச் அடித்தாலும் ஒரு துகள்கூட விழாது. ஆகவே ஒளியால் காந்தத்தைப் புரட்டலாம் என்றால் நம்பச் சிரமந்தான். ஆனாலும் அது நடக்கிறது. பெரும்பாலும் அது நடப்பது, ஒளி கண்ணிமைப்பதற்கும் எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்தில் சூடேற்றிவிடுவதால்தான்.

சூடு காந்தத்தைக் கெடுக்கும் என்பது பழைய சங்கதி. 770 பாகை செல்சியசைத் தாண்டினால் இரும்பு காந்தமாக இராது. புதிது வேகம். ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடியாகக் கூறுபோட்டால் ஒரு கூறு ஒரு பெம்டோ செக்கன். 1996இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் 60 பெம்டோ செக்கன் லேசர் துடிப்பை நிக்கல் படலத்தில் பாய்ச்சினார்கள். ஆயிரம் பெம்டோ செக்கன் ஆகுமுன் அதன் காந்தம் சரிந்தது. 2007இல் நெதர்லாந்தின் நைமெகன் குழு, கடோலினியம், இரும்பு, கோபால்ட் கலந்த படலத்தில் காந்தத்தைத் தலைகீழாகவே புரட்டியது. வலஞ்சுழி ஒளிக்கு ஒரு திசை, இடஞ்சுழிக்கு மறுதிசை. அப்படியானால் புரட்டியது ஒளியின் சுழற்சிதானே, சூடு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2012இல் சுழற்சியே இல்லாத துடிப்பும் அதைப் புரட்டிக் காட்டியது. அந்தக் கலவையில் இரும்பின் காந்தமும் கடோலினியத்தின் காந்தமும் எதிரெதிரே நிற்பவை. சூடு பட்டதும் இரும்பு முந்திச் சரிகிறது, கடோலினியம் பிந்துகிறது. அந்த இடைவெளியில் கடோலினியம் இழப்பதை வாங்கிக்கொண்டு இரும்பு மறுபக்கம் எழுகிறது. கோபால்ட், பிளாட்டினம் அடுக்குகளில் ஒளியின் சுழற்சிக்கும் பங்குண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஒளியலையின் நீளமே நூற்றுக்கணக்கான நானோமீற்றர். அதைக்கொண்டு நானோ அளவில் எழுதுவது எப்படி என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். வில்லையால் முடியாதுதான். ஆனால் நுண்ணிய தங்க அலைவாங்கி ஒளியைத் தன் முனையில் குவித்துவிடும். 2015இல் இவ்வழியில் சுமார் 50 நானோமீற்றர் அகலப் பரப்பை மட்டும் புரட்டினார்கள். 2024இல் சந்தைக்கு வந்த 30 டெராபைட் வன்தட்டிலும் இப்படி ஒளியைக் குவிக்கும் நுண்முனை இருக்கிறது. ஆனால் அங்கே ஒளியின் வேலை புள்ளியைச் சூடாக்குவது மட்டுமே. புரட்டுவது இன்னும் காந்தப்புலம். பெம்டோ செக்கன் லேசர் இன்றைக்கு வன்தட்டுக்குள் அடங்கும் பொருளல்ல.